பண்ணிசை முகாமில் ஒரு பிள்ளைக்குத் தனித்துணையாகப் போகிறவர்களுக்கு

ஆண்டுத் தேர்வு முடிந்ததும் சிவாலய மண்டபங்களிலும் மடங்களின் கூடங்களிலும் தேவாரப் பண்ணிசை முகாம்கள் தொடங்கிவிடும். காலையில் பதிகப் பாடமும் (பதிகம் என்பது பத்துப் பதினொரு பாட்டுகள் கொண்ட தொகுப்பு) கைத்தாளப் பயிற்சியும், பகலில் ஓவியமோ நாயன்மார் நாடக ஒத்திகையோ, மாலையில் சன்னதியில் கூட்டு வழிபாடு, கடைசி நாளில் பெற்றோர் முன்னிலையில் அரங்கேற்றம். ஐந்து நாள் முதல் பத்து நாள் வரை நடக்கும். கூட்டத்தோடு ஒட்ட முடியாத சில பிள்ளைகள் எல்லா முகாமிலும் இருப்பார்கள். செவித்துணைக் கருவி அணிந்த பெண், ஆட்டிசம் உள்ள சிறுவன், திக்கிப் பேசுபவன், தமிழ் எழுத்தே தெரியாமல் பெங்களூரிலிருந்து தாத்தா வீட்டுக்கு வந்திருப்பவள். “கொஞ்சம் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள்” என்று ஒரு தொண்டரிடம் ஒப்படைத்துவிடுவார்கள். எதைப் பார்க்க வேண்டும், எந்தத் தாளில் கையெழுத்து வாங்க வேண்டும், செலவு யாருடையது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்கும் யாரும் சொல்லவில்லை. தட்டுத் தடுமாறித் தெரிந்துகொண்டதைக் கீழே வரிசையாகக் கொடுத்திருக்கிறேன்.

முதலில் வேலையின் எல்லை. நீங்கள் தனி வகுப்பு எடுக்கப் போகவில்லை. கோயிலில் தேவாரம் பாடுபவரான ஓதுவார் ஓர் அடியைப் பாடி, மற்றவர்கள் அதைத் திருப்பிப் பாடும்போது அந்தக் குரல்களுக்குள் இந்தப் பிள்ளையின் குரலும் இருக்க வேண்டும். அதற்கு எது தடையோ அதை நீக்குவதுதான் உங்கள் பொறுப்பு. பிள்ளையை ஓரமாக அழைத்துப்போய் நீங்களே பதினொரு பாட்டையும் உருப்போட வைத்தால் பெற்றோர் மகிழ்வார்கள். ஆனால் பிள்ளை முகாமுக்கு வந்ததற்கே பொருளில்லாமல் போகும்.

1. ஆறு வாரம் முன்பு: உங்கள் தாள்களைத் தயார் செய்யுங்கள்

பிள்ளையின் விவரத்தைக் கேட்பதற்கு முன் உங்களைப் பற்றிய விவரத்தைக் கொடுங்கள். ஆதார் நகல், இரண்டு புகைப்படம், உங்களை நன்கு அறிந்த இருவரின் பெயரும் தொலைபேசி எண்ணும். காவல்துறை சரிபார்ப்புச் சான்றுக்குத் தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையிலேயே விண்ணப்பிக்கலாம். பல முகாம்களில் இதைக் கேட்பதே இல்லை. கேட்காவிட்டாலும் வாங்கிக் கொடுங்கள் என்பது என் கருத்து. முன்பின் தெரியாத ஒருவரிடம் பிள்ளையை விடும் தாய்க்கு அது ஒரு தைரியம். காவலர் முகவரிக்கு வந்து விசாரிக்கும்போது நீங்கள் வீட்டில் இல்லாவிட்டால் விண்ணப்பம் அப்படியே கிடக்கும். ஆகவே ஏப்ரல் தொடக்கத்துக்குள் முடித்துவிடுங்கள். மே மாதத்தில் ஓடினால் கிடைக்காது.

முகாம் பொறுப்பாளரிடம் இரண்டு விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள். உங்களிடம் எத்தனை பிள்ளைகள் என்பது ஒன்று. ஒரே ஒரு பிள்ளைக்குத்தான் என்று பேசிவிட்டு, முதல் நாள் காலையில் மூன்று பேரை உட்கார வைப்பது வழக்கமாக நடக்கும். நீங்கள் சாப்பிடவோ கழிப்பறைக்கோ போகும்போது உங்கள் இடத்தில் யார் இருப்பார் என்பது இரண்டாவது.

2. ஒரு மாதம் முன்பு: பெற்றோரிடம் வாங்க வேண்டிய படிவங்கள்

மூன்று தாள் போதும். பெற்றோர் ஒப்புதல், மருத்துவ விவரம், புகைப்படம் எடுக்கவும் வெளியிடவும் சம்மதமா இல்லையா என்ற தனித் தாள். மூன்றாவதைத் தனியாக வாங்குவதற்குக் காரணம் உண்டு. அரங்கேற்றப் படங்கள் அன்றிரவே வாட்ஸ்அப் குழுக்களில் சுற்ற ஆரம்பித்துவிடும்; தங்கள் பிள்ளையின் முகம் அதில் வர வேண்டாம் என்று நினைக்கும் பெற்றோர் பொதுப் படிவத்தில் அதைச் சொல்லத் தயங்குவார்கள்.

மருத்துவத் தாளில் மருந்தின் பெயர், அளவு, நேரம், மருத்துவர் சீட்டின் நகல், ஒவ்வாமை, அவசரத்துக்கு இரண்டு தொலைபேசி எண்கள் இருக்க வேண்டும். இரண்டு எண்ணும் ஒரே வீட்டினுடையதாக இருந்தால் மூன்றாவதாக ஒன்று கேளுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நகலை நிபந்தனையாக்க வேண்டாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை இயலாமைகளை அங்கீகரிக்கிறது. ஆனால் அட்டை இன்னும் கைக்கு வராத குடும்பங்கள் எத்தனையோ. உங்களுக்கு வேண்டியது பிள்ளையைப் பற்றிய விவரம். சான்று அரசாங்கச் சலுகைகளுக்குத்தான் தேவை.

படிவத்தில் “ஏதேனும் குறைபாடு உண்டா?” என்று அச்சிட்டிருந்தால் அந்த வரியை அடித்துவிடச் சொல்லுங்கள். அதற்கு எல்லாரும் “இல்லை” என்றே எழுதுவார்கள். மணப்பேச்சு, உறவினர் வாய், கோயிலில் யார் என்ன சொல்வார்கள் என்ற பயம் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் நிற்கின்றன. அதற்குப் பதிலாக இப்படிக் கேளுங்கள்: எந்தச் சத்தம் பிடிக்காது? கோபம் வந்தால் எது அமைதிப்படுத்தும்? தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பாளா, சரளமாகப் படிப்பாளா? கழிப்பறைக்குப் போக வேண்டும் என்பதை எப்படிச் சொல்வான்? தொட்டால் பிடிக்குமா? இவற்றுக்கு எந்தத் தாயும் பக்கம் பக்கமாகப் பதில் எழுதுவார்.

எழுதி வாங்கியபின் தொலைபேசியில் ஒரு முறை பேசுங்கள். முடிந்தால் பிள்ளையோடும் பேசுங்கள்.

3. ஒரு வாரம் முன்பு: இடத்தைப் போய்ப் பாருங்கள்

முகாம் நடக்கப்போகும் நேரத்திலேயே போங்கள். காலை ஆறு மணிக்குக் குளுகுளுவென்று இருக்கும் கல் மண்டபம் பதினோரு மணிக்கு வேறு இடமாகிவிடும். வெளிப் பிரகாரத்துக் கற்பாவு மே மாதப் பகலில் கால் வைக்க முடியாதபடி கொதிக்கும்; சாப்பாட்டுக் கூடத்துக்கு அதைக் கடந்துதான் போக வேண்டும் என்றால் தேங்காய் நார் விரிப்பு போட்டுத்தரக் கேளுங்கள். சக்கர நாற்காலி வருகிறது என்றால் ஒவ்வொரு வாசற்படியின் உயரத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். “நாலு பேர் தூக்கிவிடுவோம்” என்ற பதிலை ஏற்காதீர்கள். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு நாலு பேர் தூக்குவது அவமானம். பலகையில் ஒரு சரிவு அடித்துத்தர ஊர்த் தச்சருக்கு அரை நாள் போதும்.

பூசை நேரங்களை அர்ச்சகரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இப்போது பல கோயில்களில் முரசும் மணியும் மின்மோட்டாரில் ஓடுகின்றன. தீபாராதனைக்குச் சுவிட்சைப் போட்டால் கல் மண்டபம் முழுக்க அதிரும். ஒலியைத் தாங்க முடியாத பிள்ளைக்கு அது அடி விழுவதைப் போன்றது. செவித்துணைக் கருவி போட்டிருப்பவருக்கோ வேறெதுவும் கேட்காமல் போகும். பத்து நிமிடம் முன்பே பிள்ளையை எந்தப் பக்கம் அழைத்துப் போவது என்று இப்போதே பார்த்து வையுங்கள். நந்தவனம், மடைப்பள்ளிக்குப் பின்புறம், வாகன மண்டபம் என்று ஏதாவது ஓர் இடம் இருக்கும். அது நாலு பேர் கண்ணில் படும் இடமாக இருக்க வேண்டும். மூடிய அறை வேண்டாம்.

போன கையோடு கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்: பாடம் நடக்கும் இடம், சாப்பிடும் இடம், தண்ணீர்க் குழாய், கழிப்பறை, ஓதுவாரின் முகம். இந்தப் படங்களை அச்சிட்டு, நாள் முழுவதும் எதற்குப்பின் எது என்று ஒரு அட்டையில் வரிசையாக ஒட்டினால் ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பாதிப் பதற்றம் குறையும். கடைகளில் விற்கும் படக்கார்டுகளில் இட்லியும் இருக்காது, விபூதித் தட்டும் இருக்காது.

4. செலவு எவ்வளவு, யார் தருவார்கள்

பெரும்பாலான முகாம்கள் பிள்ளைகளிடம் கட்டணம் வாங்குவதில்லை. உபயதாரர் கொடுப்பதில் நடக்கின்றன. தனித்துணைக்கு என்று யாரும் ஒதுக்கியிருக்க மாட்டார்கள். நகல், அச்சு, லேமினேஷன் எல்லாம் சேர்த்து ஒரு பிள்ளைக்கு இருநூறு முந்நூறு ரூபாய்க்குள் அடங்கும். சிறிய அளவுக் கைத்தாளம் ஒரு ஜோடி சில நூறு ரூபாய். காதை மூடும் ஒலித்தடுப்பான்தான் விலை கூடியது. பெற்றோரிடம் ஏற்கெனவே இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். சுருதிப்பெட்டி வாங்க வேண்டாம், கைப்பேசிச் செயலி போதும். மொத்தத்தைக் கணக்கிட்டு, ஒரு தாளில் எழுதி, முகாமுக்கு முன்பே பொறுப்பாளரிடம் கொடுங்கள். அன்னதானத்துக்கு அள்ளிக் கொடுக்கும் உபயதாரரிடம் ஒரு பிள்ளையின் காதுக்குப் பணம் கேட்கப் பலரும் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்படாமல் கேளுங்கள்.

5. பதிகத் தாளைப் பிள்ளைக்கு ஏற்றபடி எழுதுங்கள்

என்னைக் கேட்டால், முகாமுக்கு முன் செய்கிற வேலைகளில் மிகப் பயன்படுவது இதுதான். எந்தப் பதிகம் என்பதை ஓதுவாரிடம் இரண்டு வாரம் முன்பே கேட்டு வாங்குங்கள்.

திருமுறைப் பதிப்புகள் பலவும் சீர் பிரித்து, அதாவது பொருளைப் பாராமல் செய்யுளின் ஓசை அளவுப்படி பிரித்து, அச்சிடப்பட்டவை. சம்பந்தரின் முதல் பதிகத்தில் இரண்டாம் அடி “காடுடையசுட லைப்பொடிபூசி” என்று வரும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளை “சுட” என்று நிறுத்தி, “லைப்பொடி” என்று ஒரு புதுச் சொல்லைக் கண்டுபிடித்துவிடும். ஆகவே இரண்டு தாள் எழுதுங்கள். முதலாவது பொருள் விளங்கும்படி பிரித்தது: “காடு உடைய சுடலைப் பொடி பூசி”. இரண்டாவது சீர்படி உள்ளது, தாளத்துக்கு. முதல் இரண்டு நாள் முதல் தாள் மட்டும். வாசிப்புச் சிரமம் உள்ள பிள்ளைக்குப் பெரிய எழுத்தில், வரிக்கு வரி நல்ல இடைவெளி விட்டு, ஒரு பக்கத்துக்கு ஒரே பாட்டு. பார்வை குறைந்தவர்களுக்கு இருபத்து நான்கு புள்ளி எழுத்தில் தொடங்கிப் பாருங்கள். எது வசதி என்று அவர்களே சொல்வார்கள். எழுத்தே தெரியாதவளுக்கு ஓதுவாரின் குரலை அவர் அனுமதியோடு பாட்டுக்குப் பாட்டு தனித்தனியாகப் பதிவு செய்து அனுப்புங்கள். ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுப்பதை நான் தவிர்ப்பேன். ழகரமும் ளகரமும் ஒன்றாகிவிடும், பிறகு பிரிக்க முடியாது.

மறந்துபோய்த் தத்தளிக்கும் பிள்ளைக்குப் பதிகத்தின் அமைப்பே கைப்பிடி. சம்பந்தர் பதிகங்களில் பொதுவாக எட்டாம் பாட்டில் இராவணன் வருவான். ஒன்பதாம் பாட்டில் திருமாலும் பிரமனும் தீப்பிழம்பாய் நின்ற சிவனின் அடிமுடி தேடுவார்கள். பத்தாம் பாட்டில் சமணரும் சாக்கியரும், கடைசியில் பாடியவரின் பெயரோடு திருக்கடைக்காப்பு என்ற முடிவுப் பாட்டு. சுந்தரர் பதிகம் என்றால் முடிவுப் பாட்டில் ஊரன் என்ற பெயரைத் தேடச் சொல்லலாம். இராவணனுக்கு ஒரு மலை, தேடலுக்கு ஒரு தீப்பிழம்பு என்று தாளின் ஓரத்தில் பிள்ளையையே வரையச் சொல்லுங்கள். பகல் ஓவிய வகுப்புக்கும் அதுவே வேலையாகிவிடும்.

பதிகத்தைத் தேர்ந்தெடுப்பதில் உங்கள் சொல்லுக்கு இடமிருந்தால் அப்பரின் திருக்குறுந்தொகையைக் கேளுங்கள். ஐந்தாம் திருமுறை முழுவதும் அதுதான்; “மாசில் வீணையும்” போல நாலு குறுகிய அடிகள், மூச்சும் முட்டாது, நினைவும் தளராது. தாளம் போடவே வராத பிள்ளைக்கு அப்பரின் திருத்தாண்டகம் ஒன்றைச் சேர்க்கச் சொல்லலாம். அது தாளக்கட்டு இல்லாமல் அரிகாம்போதி ராகத்தில் பாடப்படுவது.

6. முதல் நாள்

ஒரு மணி நேரம் முன்பே வரச் சொல்லுங்கள்; காலி மண்டபத்தில் பிள்ளை நடந்து பார்க்கட்டும். அம்மா ஒரு தூணருகே அரைநாள் இருக்கலாம். இரண்டாம் நாளிலிருந்து அவர் வெளியே. அம்மா பக்கத்தில் இருக்கும்வரை பிள்ளை அம்மாவுக்காகத்தான் பாடும்.

உட்காரும் இடம்: செவித்துணைக் கருவி உள்ளவரை ஓதுவாருக்கு நேர் எதிரே, முதல் வரிசையில் அமர்த்துங்கள், ஒலிபெருக்கிக்கு அருகில் வேண்டாம், வாயசைவு தெரிய வேண்டும். அமைதியின்றி எழுந்துவிடும் பிள்ளைக்கு வரிசையின் ஓரம், வெளியேறும் வழியருகே. நீங்கள் பிள்ளைக்கு முன்னால் உட்காராதீர்கள். சற்றுப் பின்னால், பக்கவாட்டில் இருந்தால் போதும்.

திக்கிப் பேசும் பிள்ளையிடம் “எழுந்து பெயர் சொல்” என்று கேட்கும் அறிமுகச் சடங்கை நிறுத்திவிடுங்கள், அல்லது எல்லாரும் பெயர் அட்டை குத்திக்கொள்ளும்படி மாற்றுங்கள். சேர்ந்து பாடும்போது திக்கல் பெரும்பாலும் வராது. அடி எடுத்துக் கொடுக்கும் வேலையைக்கூட அவனிடம் தரலாம். தனியாகப் பேச வைக்கும் அந்த அரை நிமிடம்தான் மிச்ச நாட்களைக் கெடுக்கும்.

விபூதியை நெற்றியில் பூசிவிடப் பெரியவர்கள் ஆசையோடு கை நீட்டுவார்கள். தொடுகை பிடிக்காத பிள்ளை தட்டிவிட்டால் அதைத் தெய்வக் குற்றமாக்கிப் பேசவும் செய்வார்கள். தட்டை நீட்டி, தானே எடுத்துப் பூசிக்கொள்ளட்டும் என்று முன்பே சொல்லி வையுங்கள். கைத்தாளம் கற்பிக்கும்போதும் பின்னால் இருந்து கையைப் பிடித்து ஆட்டாதீர்கள். உங்கள் கையை நீட்டுங்கள். பிள்ளை தன் கையை அதன்மேல் வைத்துக்கொள்ளட்டும். ஒலி பிடிக்காதவர்களுக்கு வெண்கலத்துக்குப் பதில் தொடையில் தட்டும் தாளம்.

7. சுருதியில் வரும் சண்டை

சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். ஆண் ஓதுவார் ஒன்று, ஒன்றரைக் கட்டையில் பாடுவார். சிறுமிகளுக்கு ஐந்து, ஐந்தரைக் கட்டை வசதி. நடுவில் ஒரு சுருதியை வைத்துக்கொண்டு எல்லாரையும் பாடச் சொன்னால் உங்கள் பிள்ளைக்குக் குரல் கிட்டாமல் போகலாம். “இவனுக்குப் பாட்டு வராது” என்ற தீர்ப்பு பலமுறை சுருதியின் குற்றம். ஒரு மாலை வேளையில் பிள்ளையைத் தனக்கு வசதியான உயரத்தில் பாடவிட்டு, செயலியில் கட்டையைக் கண்டுபிடித்து, ஓதுவாரிடம் பணிவாகச் சொல்லுங்கள். மற்றவர்கள் முன் சொல்ல வேண்டாம். குரல் உடையும் வயதுப் பையன்களைக் கீழ் ஸ்தாயியில் விடுங்கள். அன்றைக்கு அதுவும் வரவில்லையென்றால் தாளம் போடட்டும்.

கர்நாடக இசை படித்து வந்த பிள்ளைக்கு வேறு விதத் துணை வேண்டும். நட்டபாடைப் பண் என்றதும் கம்பீர நாட்டை ராகம், கௌசிகப் பண் என்றதும் பைரவி ராகம் என்று பிடித்துக்கொண்டு சங்கதி போட, அதாவது ஒரே வரியை மாற்றி மாற்றி அலங்கரித்துப் பாட, ஆரம்பிப்பாள். சொல் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பது ஓதுவார் மரபு. அவளைப் பக்கத்துப் பிள்ளைக்குச் சொல் சொல்லிக்கொடுக்க அமர்த்துங்கள். சங்கதி தானாகக் குறையும்.

8. உடல்நலம்: கோயில் முகாமுக்கே உரிய பொறிகள்

சாப்பாடு நைவேத்தியம் முடிந்த பிறகுதான். பன்னிரண்டரை என்று அட்டையில் இருந்தால் ஒன்றேகால் ஆகும். இன்சுலின் போட்டுக்கொள்ளும் பிள்ளை இருந்தால் இதைப் பெற்றோரிடமும் அவர்கள் வழியாக மருத்துவரிடமும் முன்பே சொல்லி, ஊசி நேரம் எப்படி என்று எழுதி வாங்குங்கள். இலையில் சோறு விழும் நேரத்தை மடைப்பள்ளியில் நேரில் போய்க் கேளுங்கள். குளுக்கோஸ் பாக்கெட் உங்கள் பையில் எப்போதும் இருக்கட்டும். சர்க்கரைப் பொங்கலை மறுத்தால் பிரசாதத்தை மறுத்ததாகப் பேச்சு வரும். ஒரு தொன்னையில் வாங்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள்.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், சுற்றியுள்ளவற்றை அகற்றுங்கள், நேரத்தைப் பாருங்கள். வாயில் எதையும் வைக்க வேண்டாம். சாவிக்கொத்தைக் கையில் திணிக்க யாராவது ஓடி வருவார்கள்; தடுத்துவிடுங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108.

பெண் பிள்ளைக்கு மாதவிலக்கு நாட்கள் முகாம் நடக்கும்போது வரக்கூடுமா என்பதைத் தாயிடம் முன்பே, தனியாகப் பேசுங்கள். கோயிலுக்குள் வர வேண்டாம் என்று குடும்பம் நினைத்தால் அந்த நாட்களில் பாடம் கேட்க வெளிமண்டபத்திலோ பக்கத்து வீட்டுத் திண்ணையிலோ ஓர் ஏற்பாடு வேண்டும். இதை யோசிக்காத முகாம்களில் அந்தப் பிள்ளைகள் காரணம் சொல்லாமல் காணாமல் போகிறார்கள். பொறுப்பாளர் “ஆர்வம் இல்லை” என்று குறித்துக்கொள்கிறார்.

9. பாதுகாப்பு

பிள்ளையோடு தனியாக மூடிய இடத்தில் இருக்காதீர்கள். கழிப்பறை உதவிக்குப் பெண் பிள்ளைக்குப் பெண், ஆண் பிள்ளைக்கு ஆண், வெளியே இன்னொருவர். தனிப்பட்ட எண்ணில் பிள்ளைக்குச் செய்தி அனுப்ப வேண்டாம், எல்லாம் பெற்றோர் வழியாகத்தான். யாராவது தவறாக நடந்ததாகப் பிள்ளை சொன்னால் குறுக்கு விசாரணை செய்யாமல் கேட்டு, சொன்ன சொற்களிலேயே எழுதி வைத்துப் புகார் செய்யுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, அறிந்தவர் எவரும் தெரிவிக்க வேண்டும் என்கிறது. காவல்துறையிடம் சொல்லலாம், குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைக்கலாம். “கோயில் பெயர் கெட்டுவிடும், நாம் பேசி முடித்துக்கொள்வோம்” என்பவர்களிடம் பேச்சை வளர்க்காதீர்கள்.

இன்னொரு வகைத் தொல்லையும் உண்டு. பதிகம் பாடிப் பிணி தீர்ந்த வரலாறுகள் நம் மரபில் நிறைய. அந்த நம்பிக்கையோடு வருகிறவர்கள் பிள்ளையின் தலையில் கைவைத்து, “நாற்பத்தெட்டு நாள் பாடு, எல்லாம் சரியாகிவிடும்” என்பார்கள். நீங்களும் சைவர், நம்புகிறவர். இருந்தாலும் அதற்குத் தலையாட்டாதீர்கள். பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது, சரிசெய்யப்பட வேண்டிய பொருள் தான் என்று. தாயும் கேட்டுக்கொண்டிருக்கிறார், மருந்தை நிறுத்தலாமா என்று. “பாட்டு நன்றாக வருகிறது ஐயா” என்று பேச்சை மாற்றிவிடுங்கள்.

10. அரங்கேற்றம்

பதினொரு பாட்டும் வராது என்று பாதி முகாமிலேயே தெரிந்துவிடும். முதல் பாட்டும் கடைசிப் பாட்டும் தேறினால் போதும். தொடங்கும்போதும் முடிக்கும்போதும் பிள்ளை முழுக்குரலில் பாடும், நடுவில் தாளம். இதை ஓதுவாரிடமும் பெற்றோரிடமும் முன்பே பேசிவிடுங்கள். மேடையில் உங்கள் பிள்ளையை மட்டும் தனியாக நிறுத்தி, ஒலிவாங்கியில் “இந்த நிலையிலும் இவர் பாடுகிறார்” என்று அறிவிக்கும் வழக்கம் ஒன்று உண்டு. நிகழ்ச்சி நிரலை முந்தின நாளே வாங்கிப் பார்த்து, அப்படி வரி இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். சான்றிதழில் எல்லாருக்கும் உள்ள அதே வாசகம்தான் இவர்களுக்கும்.

அன்றைக்குக் கூட்டம், மின்முரசு, நாகசுரம், வெயில் எல்லாம் ஒன்றாகச் சேரும். வரிசை எண்ணில் முதலில் பாட விட்டால் காத்திருப்பு இல்லை.

11. முடிந்த பிறகு

ஒரு வாரத்துக்குள் பெற்றோருக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்: எந்தக் கட்டையில் பாட முடிந்தது, எந்தத் தாள் உதவியது, எந்தப் பாட்டு நின்றிருக்கிறது, எப்போது களைத்தது. அடுத்த ஆண்டு வேறொருவர் துணையாக வந்தாலும் அங்கிருந்து தொடங்கலாம். படக்கார்டு, பதிகத் தாள், ஒலிப்பதிவு எல்லாவற்றையும் பிள்ளையிடமே கொடுத்துவிடுங்கள். கைத்தாளமும் ஒலித்தடுப்பானும் முகாமின் பணத்தில் வாங்கியவை என்றால் பொறுப்பாளரிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள். மருத்துவப் படிவங்களைப் பெற்றோரிடம் திருப்பிக் கொடுங்கள், அல்லது அவர்கள் முன்னிலையில் கிழித்துவிடுங்கள். கோயில் அலுவலக அலமாரியில் விட்டுவராதீர்கள். கைப்பேசியில் உள்ள நகல்களையும் அன்றே அழித்துவிடுங்கள்.